வீட்டின் நிழல் பக்கத்துக்கு ஒரு மரம்

(பிரிஸ்பேன் நகரில், வீட்டுத் தோட்டத்தில் ஆர்வமுள்ள தமிழர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)



இந்த ஊரில் தமிழர் வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவிலக்கம் தேவையில்லை. வேலிக்கு மேலே முருங்கை எட்டிப்பார்க்கும். நல்ல வெயில் விழும் மூலையில் கறிவேப்பிலை நிற்கும். பக்கத்தில் ஒரு வாழை, தொட்டியில் மல்லிகை. எல்லாம் சரி. ஆனால் இவை அத்தனையும் வெயில் கேட்கும் பிள்ளைகள். பிரிஸ்பேன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 27 பாகைக்கு மேல் இருக்கிறது. இங்கே சூரியன் வடக்கு வானில்தான் நடமாடும். அதனால் வீட்டின் வடக்குப் பக்கத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். தெற்குப் பக்கம் என்ன ஆகிறது? மே மாதம் முதல் ஆகஸ்ட் வரை அங்கே வெயிலே எட்டிப்பார்ப்பதில்லை. குப்பைத் தொட்டி, ஏசி எந்திரம், உடைந்த சைக்கிள், பாசி பிடித்த தரை. நானூறு சதுர மீட்டர் மனையில் ஒரு பக்கத்தையே இப்படி வீணாக விட்டுவிட்டு, "இடமே இல்லை" என்றும் சொல்கிறோம்.

அந்த இருண்ட பக்கத்துக்கு ஒரு மரத்தைச் சிபாரிசு செய்யத்தான் வந்தேன். அது வேற்றூர் மரமன்று. இந்தக் கரையின் மழைக்காட்டிலேயே பிறந்தது. நர்சரிக்காரர்கள் அதைக் கிளாஸி லாரல் என்பார்கள். ரெட் ஃப்ரூட்டட் லாரல் என்றும் ஒரு பெயர் உண்டு. தாவரவியல் பெயர் கிரிப்டோகாரியா லேவிகேட்டா. பெயர் நீளம், மரம் குட்டை. காட்டிலேயே ஆறு மீட்டருக்கு மேல் போகாது. தோட்டத்தில் அதிலும் பாதியோடு நின்றுவிடுவதுண்டு.

நியூ சௌத் வேல்ஸின் ரிச்மண்ட் ஆற்றுப் பகுதியிலிருந்து வடக்கே குயின்ஸ்லாந்து வரை, எரிமலைச் செம்மண்ணிலும் ஆற்று வண்டலிலும் இது வளர்கிறது. ஆஸ்திரேலியாவோடு நிற்பதுமில்லை, மலேசிய, இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருக்கிறது. கிரிப்டோகாரியா என்னும் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன். 1801-இல் கடலோடி ஃபிளிண்டர்ஸோடு கப்பலேறி இந்தக் கண்டத்தின் கரைகளில் செடி சேகரித்த அதே பிரவுன். 1810-இல் அந்தப் பெயரை வெளியிட்டார். பிறகு 1820-களில், ஜாவாவில் பணியாற்றிய புளூம் என்பவர் இந்தக் குறிப்பிட்ட இனத்தை விவரித்தார். அதாவது நம் தெற்குச் சுவரோரம் நடப்போகும் மரத்துக்கு முதலில் பெயர் கிடைத்தது ஜாவாவில்.

மரத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அடிமரம் மெலிது, நேராக நிற்காது, சற்றுக் கோணலாகப் போகும். இலைதான் இதன் சொத்து. பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் போலவே அடியிலிருந்து மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும். ஆனால் இது அதைவிடச் சிறிது, நுனி வால் போல நீண்டு கூர்மையாகும், மேற்பரப்பு எண்ணெய் தடவியது போல மின்னும். மழைக்காட்டின் கீழ்த்தட்டில் வளரும் பல செடிகளுக்கு இப்படி நீண்ட இலைநுனி உண்டு. விழுந்த தண்ணீர் அந்த நுனி வழியே சீக்கிரம் வடிந்துவிடும்; ஓயாத ஈரத்தில் இலைமேல் பாசி படிவதும் குறையும் என்று விளக்கம் சொல்கிறார்கள். காரணம் எதுவானாலும் இலை சுத்தமாக மின்னுவது நமக்கு லாபம். வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்தப் பளபளப்பு, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது.

வசந்தத்தில் பூக்கும். பூவைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வெளிறிய நிறம், பொடிப் பூ. ஆனால் வீட்டில் பூதக்கண்ணாடி இருந்தால் ஒரு பூவை எடுத்துப் பாருங்கள். இந்த மரம் சேர்ந்த லாரல் குடும்பத்தின் மகரந்தப்பைகள் மற்ற பூக்களைப் போல நீளவாக்கில் வெடிப்பதில்லை. சின்னச் சின்ன மூடிகள், ஜன்னல் கதவு போல மேல்நோக்கித் திறந்து மகரந்தத்தை விடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

அதன் பிறகு கோடையில் பழம். ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, நல்ல சிவப்பு. கரும்பச்சை இலைகளுக்கிடையே அந்தச் சிவப்பைப் பார்க்கத்தான் தோட்டக்காரர்கள் இதை வாங்குகிறார்கள். கறுவா மரத்தின் பழத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதில் பூவின் அடிக்கிண்ணம் பழத்துக்குக் கீழே ஒரு குப்பி போல நின்றுவிடும். பழம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். கிரிப்டோகாரியாவில் அந்தக் கிண்ணமே வளர்ந்து பழத்தை முழுவதும் மூடிவிடுகிறது. நாம் பழத்தோல் என்று நினைப்பது அந்தக் கிண்ணம்தான். உள்ளே ஒரே ஒரு விதை.

கறுவா என்றேன். இலங்கைக்காரர்களுக்குக் கறுவா, தமிழகத்தாருக்குப் பட்டை. அது, பிரிஞ்சி இலை, கற்பூர மரம், பட்டர் ஃப்ரூட் எல்லாம் லாரல் குடும்பம்தான். கடற்கரைப் புதர்களின் மேல் மஞ்சள் நூல் போலப் படர்ந்து உறிஞ்சும் இலையில்லாத கொற்றான் கொடியும் இதே குடும்பம் என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் அதுதான் உண்மை. கிரிப்டோகாரியாவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உலகில் உண்டு. சிலி நாட்டில் ஒன்று, மடகாஸ்கரில் சில, ஆஸ்திரேலியாவில் ஏராளம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மழைக்காடுகளிலும்கூட இருக்கின்றன. ஆனைமலையின் பெயரையே தாவரவியல் பெயராகத் தாங்கிய கிரிப்டோகாரியா ஒன்றும் உண்டு. ஆகவே சொந்தம் பேச நமக்கு வழியிருக்கிறது.

சொந்தம் பேசலாம், சமைக்கக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று நரம்பு இலையைக் கண்டதும் கசக்கி மோந்துபார்த்துச் சட்டியில் போடும் கை நம்முடைய கை. கிரிப்டோகாரியா பேரினத்தில் பல இனங்களில் நஞ்சாகக்கூடிய ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வட குயின்ஸ்லாந்தில் பாய்ஸன் வால்நட் என்று ஒரு மரம், இதற்கு நெருங்கிய உறவு. அதன் சாறு தோலில் பட்டாலே கொப்பளம் போடும். நம் சின்ன லாரல் அப்படிக் கொடியதென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரியாணிக்குக் கடையில் வாங்குங்கள். இது கண்ணுக்கான மரம்.

இனி ஒரு வரலாறு. அழகுக்காக ஒரு லாரல் மரத்தை நடுங்கள் என்று ஒருவர் மேடையேறிச் சொல்வது இந்த நாட்டில் முதல் முறையன்று. 1822-இல் கற்பூர மரத்தை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சீனா, தைவான், ஜப்பான் பக்கத்து மரம். நம் முன்னோர் ஆரத்திக்குக் காட்டிய கற்பூரத்தில் பெரும்பங்கு அந்த மரத்தைச் செதுக்கிக் காய்ச்சி எடுத்ததுதான். இப்போது பூஜைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. ஆஸ்திரேலியர்களுக்குக் கற்பூரம் வேண்டியிருக்கவில்லை. நிழல் வேண்டியிருந்தது. பூங்காக்களில் நட்டார்கள், தெருவோரம் நட்டார்கள், பள்ளிக்கூட மைதானங்களில் நட்டார்கள். அழகான மரம்தான், மறுக்க முடியாது. விரிந்த குடை, வெளிர்பச்சைத் தளிர், கசக்கினால் மணம்.

அதே நூற்றாண்டில் இங்கிருந்து தெற்கே சில மணி நேரப் பயணத்தில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. லிஸ்மோர், பாலினா, பைரன் பே ஊர்களுக்கு இடையே பிக் ஸ்கிரப் என்றொரு காடு. ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் சமவெளி மழைக்காடு. ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ட்வீட் எரிமலை கக்கிய குழம்பு தந்த செம்மண்ணில் எழுந்தது. 1840-களில் செவ்வகில் மரம் வெட்டுகிறவர்கள் உள்ளே போனார்கள். 1861-க்குப் பிறகு வந்த நிலச் சட்டங்களால் குடியேறியவர்கள், தாங்கள் எடுத்த நிலத்தைச் சீர்திருத்திக் காட்ட வேண்டியிருந்தது. சீர்திருத்துவது என்றால் அன்றைக்கு வெட்டி எரிப்பது. நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான காடு துண்டு துண்டாக மிஞ்சியது. மற்றதெல்லாம் மாட்டுக்குப் புல். வெண்ணெய் உற்பத்தி கொடிகட்டிப் பறந்தது. நம் கிளாஸி லாரலின் தென்கோடி வீடு பிக் ஸ்கிரப் நின்ற அந்த ரிச்மண்ட் ஆற்றுப் பகுதிதான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பால் தொழில் படுத்தது. மேய்ச்சல் நிலங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. பள்ளிக்கூட மைதானத்தில் காத்துக்கொண்டிருந்த கற்பூர மரத்துக்கு அது போதும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைத் தூவின. இன்று வட நியூ சௌத் வேல்ஸ் மலைச்சரிவுகளில் தூரத்திலிருந்து பார்த்து "என்ன பசுமை!" என்று நாம் காரை நிறுத்திப் படமெடுக்கும் காட்டில் பெரும்பகுதி கற்பூரக் காடு. குயின்ஸ்லாந்திலும் அது கட்டுப்படுத்தப்பட்ட களை. அதை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. உங்களில் யார் வீட்டிலாவது பெரிய கற்பூர மரம் நின்றால், அண்ணன் வீட்டுக்கு நாற்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லவேண்டும். காடு போனபோது இரை இல்லாமல் அருகிப்போன வெண்தலைப் புறா, கற்பூரப் பழத்தைத் தின்றுதான் மீண்டும் பெருகியது. அதனால் களை என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் புறாவுக்குப் பட்டினி. மேலும் அந்தப் பறவைகள் கற்பூர மரத்தின் கிளையில் உட்கார்ந்து கழிக்கும் எச்சத்தில் உள்நாட்டு மழைக்காட்டு விதைகளும் விழுகின்றன. கற்பூர நிழலில் உள்ளூர் லாரல்களின் நாற்றுகளே முளைக்கின்றன. காட்டை மீட்கிறவர்கள் இப்போது கற்பூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்று, கீழே முளைத்ததை மேலே வரவிடுகிறார்கள். எதிரியையே பந்தற்காலாக வைத்து வேலை வாங்கும் தந்திரம் இது. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம்.

ஒரே குடும்பத்து இரண்டு மரங்கள். ஒன்று நாட்டையே பிடித்தது, மற்றது காட்டை விட்டு வெளியே வரவே தயங்குகிறது. ஏன்? கற்பூரப் பழம் சிறியது, கணக்கில்லாமல் காய்க்கும், சின்ன அலகுள்ள பறவையும் விழுங்கும். முளைத்த நாற்று கொளுத்தும் வெயிலிலும் புல்லோடு மல்லுக்கட்டி எழும். கிளாஸி லாரலுக்குப் பழம் பெரிது, எண்ணிக்கை குறைவு; வாய் அகன்ற காட்டுப் பறவைதான் விழுங்க வேண்டும். நாற்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். வளர்ச்சி ஆமை நடை. வேகமாக வளராது என்பதால்தான் நர்சரிகளில் இதற்குக் கிராக்கி குறைவு. என் கணக்கில் அதுவே இதன் முதல் தகுதி: ஆண்டுக்கு இரண்டு தடவை கத்தரிக்கோலோடு ஏணியில் ஏற வேண்டாம், சாக்கடையை அடைக்காது, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் வராது.

இந்நாட்டுத் தோட்டக்காரர்களே இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டார்கள். உள்நாட்டுச் செடிகளை வளர்க்கும் சங்கம் 1957-இல் தொடங்கியது. ஆனால் அந்தக் கால மோகமெல்லாம் கிரெவில்லியா, பாட்டில் பிரஷ் போன்ற வெயில் விரும்பும் புதர்கள் மேல். மழைக்காட்டின் பக்கம் பொதுமக்களின் கண் திரும்பியது 1979-இல். வட நியூ சௌத் வேல்ஸின் டெரானியா கிரீக்கில் மரம் வெட்ட வந்த புல்டோசர்களை ஊர் மக்கள் மறித்து நின்றார்கள். 1982-இல் நியூ சௌத் வேல்ஸ் அரசு மழைக்காடுகளில் பெரும்பகுதியைக் காக்க முடிவெடுத்தது. 1986-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் அந்தக் காடுகள் இடம்பெற்றன. அதற்குப் பிறகுதான் மழைக்காட்டுச் செடிகளுக்கென்றே நர்சரிகள் பெருகின.

சரி, நடுவதற்கு வருவோம். தெற்குச் சுவரோரம், அல்லது பெரிய மரமொன்றின் கீழ், அல்லது மதியத்துக்குப் பின் வெயில் விழாத கிழக்குப் பக்கம். முழு வெயிலில் வைத்தால் சாகாது, ஆனால் இலை மஞ்சளாகி அந்தப் பளபளப்பு போய்விடும். அப்புறம் எதற்கு இந்த மரம்? சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நடுங்கள். சின்ன டியூப்பில் கிடைக்கும் கன்று போதும். பெரிய தொட்டிக் கன்றுக்குப் பணம் கொட்ட வேண்டாம், சின்னதுதான் வேர் நன்றாகப் பிடிக்கும். குழியைக் கன்றின் வேர்ப்பந்தைவிட இரண்டு மடங்கு அகலமாக வெட்டுங்கள், ஆழமாக அல்ல. மேலே மல்ச் போடுங்கள். காட்டில் இது வாழ்வதே உதிர்ந்த சருகுப் படுக்கையில். தண்டைச் சுற்றி மட்டும் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் தவறக் கூடாது. கடற்கரையை விட்டு உள்ளே, உறைபனி விழும் ஊர்களில் இருப்பவர்கள் இளங்கன்றை மூடிக் காப்பாற்ற வேண்டும்.

தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. களிமண் மனையென்றால் மண்ணை மேடாக்கி நடுங்கள். பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் வேரழுகல் நுண்ணுயிர் இந்த நாட்டின் காடுகளுக்கும் பட்டர் ஃப்ரூட் தோப்புகளுக்கும் பெரிய எதிரி. அதை முதலில் கண்டறிந்தது எங்கே தெரியுமா? 1922-இல், சுமத்ராவின் கறுவா மரங்களில். லாரல் குடும்பத்தின் பரம்பரை வியாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் தோட்டத்து ஈரமண்ணை மண்வெட்டியோடும் செருப்போடும் சுமந்து வராதீர்கள்.

அமெரிக்காவிலிருந்தும் ஓர் எச்சரிக்கை. 2002-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஆசியாவிலிருந்து வந்த சிறு வண்டு ஒன்றைக் கண்டார்கள். அது சுமந்து வந்த பூஞ்சை, அங்கே காட்டு லாரல்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. ஃப்ளோரிடாவின் பட்டர் ஃப்ரூட் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. வண்டு கப்பலேறியது பெட்டிச் சரக்கின் மரப் பலகையில் என்று கருதுகிறார்கள். ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் கறுவாக் குச்சியும் செடியும் விதையும் ஒளித்துக் கொண்டுவரும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. விமான நிலையத்தில் பெட்டியைக் கிளறும் அதிகாரிமேல் கோபம் வரும்போது இந்த வண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: பழம் சிவந்து விழுந்தவுடனே எடுங்கள். சதையைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குங்கள். பெரும்பாலும் பூச்சி துளைத்ததாக இருக்கும். அன்றே விதையுங்கள். கீரை விதை போல உலர்த்தி டப்பாவில் வைத்தால் செத்துப்போகும். முளைக்க மாதக்கணக்கில் ஆகும், பொறுமையிழந்து தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

நட்ட சில ஆண்டுகளில் இலையில் ஓட்டை விழலாம். உடனே மருந்தடிக்க ஓடாதீர்கள். கறுப்புச் சிறகில் நீலப்பச்சைக் கீற்று ஓடும் ப்ளூ ட்ரையாங்கிள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் லாரல் குடும்பத்து இலைகளில். இதன் நெருங்கிய உறவினம் இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கறுவா இலையைத் தின்று வளர்கிறது. பச்சைப் புழு நாலு இலை தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

லில்லிபில்லி வேலி போட்டவர்கள் சிலர் கேட்கலாம், எதற்கு மாற வேண்டுமென்று. வேலி நன்றாக இருந்தால் மாற வேண்டாம். ஆனால் 2010-இல் மிர்ட்டில் ரஸ்ட் என்னும் துருநோய் இந்த நாட்டுக்குள் நுழைந்தபின், லில்லிபில்லி சேர்ந்த மிர்ட்டில் குடும்பத்தில் பல இனங்கள் அதற்கு இலக்காகிவிட்டன. லாரல்களை அந்தத் துரு தொடுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே குடும்பத்திலிருந்து நடாமல் இருப்பது புத்தி.

வாங்கும்போது ஒரு கவனம். லாரல் என்று சீட்டு ஒட்டிய செடியெல்லாம் லாரல் அல்ல. செர்ரி லாரல் ஐரோப்பியப் பிளம் உறவு. இந்தியன் லாரல் என்று விற்பது அத்தி இனம். அதன் வேர் உங்கள் குழாயையும் நடைபாதையையும் பெயர்த்துவிடும். சீட்டில் கிரிப்டோகாரியா லேவிகேட்டா என்று முழுப் பெயரும் இருக்கிறதா பாருங்கள். கிரிப்டோகாரியா ட்ரைப்ளினெர்விஸ் என்று இருந்தால் அதற்கும் மூன்று நரம்பு உண்டு, ஆனால் பழம் கறுப்பு, மரமும் பெரிது. சின்ன மனைக்கு வேண்டாம்.

பெரிய கடைகளில் இது அகப்படாது. மழைக்காட்டுச் செடி நர்சரிகளையும், உள்ளூர் லேண்ட்கேர் குழுக்களையும் கேளுங்கள். பிரிஸ்பேன் கவுன்சில் வரி கட்டுவோருக்கு உள்நாட்டுக் கன்றுகளை இலவசமாகவே கொடுக்கிறது. அந்த உரிமையைப் பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறோம். இந்த மரம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மலேனிக்குப் பக்கத்தில் மேரி கெய்ர்ன்கிராஸ் காட்டுக்கோ, மவுண்ட் கூட்-தா தாவரவியல் பூங்காவின் மழைக்காட்டுப் பகுதிக்கோ பிள்ளைகளோடு ஒருமுறை போய், பெரிய மரங்களின் காலடியில் இந்தக் குட்டைச் சாதி எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். நடுவதற்கு நல்ல காலம் மார்ச், ஏப்ரல். கோடை மழை மண்ணை நனைத்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். அதற்குள் தெற்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியை வேறெங்காவது நகர்த்தி வையுங்கள்.